நம் ஊரில் ஏன் யாரும் குதிரையேறி மாடு ஓட்டவில்லை?

கேள்வி, 3 ஜூன் 2025

"வெளிநாட்டில் ஒரே ஆள் குதிரையில் உட்கார்ந்து ஆயிரம் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான். நம் ஊரில் இருநூறு மாட்டுக்கு நாலு பேர் கம்பை வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறார்கள். ஆளுக்கொரு குதிரை இருந்தால் பாதிப் பேர் போதும். நம் ஆட்கள் மாறாமலே இருப்பதுதானே காரணம்?"

3 ஜூன், இரவு 10.40

இல்லை.

என் தாய்மாமா சிவகங்கைப் பக்கம் கிடை மாடு, அதாவது ராத்திரியில் வயலில் உரத்துக்காகப் படுக்கவைக்கும் மந்தை, வைத்திருப்பவர். எல்லாம் புலிக்குளம் இன மாடு. பள்ளி விடுமுறை முழுக்க அந்தக் கிடைக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். அப்புறம் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போனேன். அங்கே இரண்டு வருடம், ஜூன் ஜூலை விடுமுறையில், ஒரு மாட்டுப் பண்ணையில் குதிரை மேலிருந்து மாடு சேர்க்கும் வேலை பார்த்தேன். இப்போது மடிப்பாக்கத்தில் இருக்கிறேன்.

சுருக்கமான பதில்: குதிரை நம் மண்ணில் பெருகிய விலங்கு இல்லை. கடல் வழியாக வந்திறங்கியது. பாண்டிய நாட்டுக் காயல் துறையில் அரேபியக் குதிரைகள் இறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அரசனும் படையும் வாங்கிய சரக்கு அது. மேய்ப்பவன் கைக்கு வரவே இல்லை.

4 ஜூன், காலை 6.15

அந்த "ஒரே ஆள், ஆயிரம் மாடு" கணக்கு தவறு. நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1867 முதல் டெக்சாஸ் மாடுகளை வடக்கே கன்சாஸின் அபிலீன் ரயிலடி வரை நடத்திக்கொண்டு போனார்கள். சிஷோம் தடம் என்று பெயர். ஒரு மந்தையில் 2,000, 3,000 மாடு. கூடப் போனவர்கள் பத்துப் பன்னிரண்டு சவாரிக்காரர்கள். அவர்களுக்கு ஒரு சமையல்காரர். மாற்றுக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பையன். மாற்றுக் குதிரை என்றால் ஆளுக்குப் பல குதிரை, ஏனென்றால் காலையில் ஓடியது மாலையில் ஓடாது. ஆக மாட்டு மந்தையோடு ஒரு குதிரை மந்தையும் நடந்தது. அதற்கும் புல், தண்ணீர், லாடம் எல்லாம் வேண்டும்.

முன்னால் இருவர் திசை காட்டுவார்கள். பக்கவாட்டில் சிலர், மந்தை அகலாமல் பார்ப்பார்கள். வாலில் இருப்பவர்கள் நொண்டியையும் கன்றையும் கூட்டிக்கொண்டு, முழு மந்தையின் புழுதியையும் மூக்கில் வாங்கிக்கொண்டு வருவார்கள். புதியவனுக்குக் கிடைப்பது வால்தான். எனக்கும் முதல் மூன்று வாரம் அதுதான் கிடைத்தது.

5 ஜூன், இரவு 11.20

"குதிரை இருந்தால் வேகமாக முடியுமே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இங்கே நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். முதல் நாள் விடியுமுன் சேணம் கட்டி, இருட்டிலேயே இரண்டு மணி நேரம் சவாரி. அந்த ஒரு வேலிக்குள் மட்டும் 90 சதுர கி.மீ. நிலம். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், சென்னை மாநகராட்சி மொத்தமே 426 சதுர கி.மீ. தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் பண்ணை 15,000 சதுர கி.மீ.க்கும் மேல். அந்த அகலத்துக்குத்தான் குதிரை. மாடு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கு. போய்ச் சேர்ந்த பிறகு எல்லாமே மெதுவாக. பெரும்பாலும் நடைதான், எப்போதாவது ஒரு திருப்பம், ஒரு சின்ன ஓட்டம். மாடு ஓடினால் எடை குறையும், கன்று பிரியும், சினை மாட்டுக்கு ஆபத்து. மாட்டை ஓடவிட்டவனைப் பண்ணை மேலாளர் அன்று மாலை தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்.

ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஒரு வட்டம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்கு வெளியே நீங்கள் நின்றால் அது உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். விளிம்பைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தால் நகரும். நீங்கள் பின்வாங்கினால் நின்றுவிடும். பழகிய கறவை மாட்டுக்கு இந்த வட்டமே இல்லை, தொட்டுத் தடவலாம். ஆளைப் பார்க்காத மாட்டுக்கு முப்பது நாற்பது மீட்டர்கூட இருக்கும். அடுத்தது தோள்பட்டை. தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னே போகும். தோளுக்கு முன்னால் வந்து நெருங்கினால் பின்வாங்கும், இல்லை திரும்பும். அதன் பக்கவாட்டில், அது போகும் திசைக்கு எதிராக நீங்கள் தலையிலிருந்து வால் நோக்கி நடந்தால், தோளைக் கடக்கும் கணத்தில் அது முன்னே அடி எடுத்துவைக்கும். முதல் தடவை இது நடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதையெல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார். கல்லூரியில் அந்தப் படத்தைப் பார்த்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். குதிரை மேல் உட்காரும் வரை அது எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. மாட்டுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே நின்று விரட்டினால், யார் வருகிறார்கள் என்று பார்க்கத் திரும்பும். அதனால் வாலில் இருப்பவர்கூட நேர்கோட்டில் வரமாட்டார். இடமும் வலமுமாக, பாம்பு போவது போல வளைந்து வளைந்து வருவார்.

என் தவறையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது வாரம், சுமார் 400 தாய்மாடுகளும் கன்றுகளும் ஒரு கதவை நோக்கி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தன. வாலில் நான். முன் பாதி கதவைத் தாண்டியதும், சீக்கிரம் முடிக்கலாம் என்று குதிரையை நெருக்கினேன். பின்னால் இருந்ததெல்லாம் கன்றுகள். தாய்கள் உள்ளே போய்விட்டன, கன்றுகளுக்கு எதைப் பின்பற்றுவது என்று தெரியவில்லை. ஒரு கன்று திரும்பியது, அடுத்த கணம் அறுபது கன்றும் என் குதிரையின் இரு பக்கமும் வழிந்து வந்த வழியே ஓடின. கன்றைக் காணாமல் தாய்களும் கதவை முட்டிக்கொண்டு திரும்பின. காலை முழுக்கச் செய்த வேலை ஐந்து நிமிடத்தில் கலைந்தது. மறுபடி சேர்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு கன்றுக்குக் கால் முறிந்திருந்தது. அதை இன்றும் நினைக்கிறேன்.

6 ஜூன், மதியம்

மூன்றாம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். "மெட்ராஸில் ஜட்கா வண்டி ஓட்டியவர் என்ன ராஜாவா?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரத்தில் மட்டக் குதிரை ஏழைக்கும் கிடைத்தது. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் பக்கம் பக்கமாக நடக்கின்றன. குதிரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மாட்டுக்காரர் மாட்டைத்தான் வாங்கிக்கொண்டு போனார். ஆக "குதிரை கிடைக்கவில்லை" என்பது பாதிக் காரணம்கூட இல்லை. அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

8 ஜூன், காலை 5.50

இரண்டு நாள் யோசித்தேன். குதிரையை விட்டுவிட்டு மாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் வேலை செய்த பண்ணையில் மாடு மனிதனைப் பார்ப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பால் கறப்பதில்லை, கொட்டில் இல்லை. மழை முடிந்து காய்ந்த பருவத்தில் சேர்த்து, கன்றுக்கு அடையாளம் போட்டு, விற்பதைப் பிரித்து, மறுபடி அவிழ்த்துவிடுவார்கள். அந்த மாட்டுக்குக் குதிரைதான் பழக்கம். குதிரையிலிருந்து இறங்கி நடந்தால் மிரளும், இல்லை முட்ட வரும். இறங்காதே என்பதுதான் எனக்குச் சொன்ன முதல் விதி.

மாமா கிடையில் 240 உருப்படி. மூக்கணாங்கயிறு ஒன்றுக்கும் இல்லை. பகலில் மேய்ச்சல், ராத்திரி யாராவது ஒரு விவசாயியின் நிலத்தில் படுக்கை. சாணமும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு. மூத்திரத்தில்தான் தழைச்சத்து அதிகம், அதனால் மாடு எழுந்து இடம் மாறிப் படுப்பதைக்கூட மாமா கவனிப்பார். கூலி முன்பு நெல்லாக வந்தது, இப்போது பணம். இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை வேறு நிலம். அறுப்பு முடிந்த வயல், தரிசு, கண்மாய்க் கரை என்று வருடம் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கை.

இந்த மாடு மாமாவைத் தினமும் பார்க்கிறது. குரல் தெரியும். அவர் முன்னால் நடந்து ஒரு "ஹோ..." கொடுத்தால் மயிலை என்ற கிழட்டுப் பசு தலை தூக்கும். அது எழுந்தால் அதன் கழுத்து மணிக்கு மற்றது எழும். நாலு பேரும் விரட்டுவதற்காக நடக்கவில்லை. ஒருவர் முன்னால் கூப்பிடுகிறார், இருவர் பக்கத்தில் வரப்பு ஓரம் நின்று கடலையிலும் உளுந்திலும் வாய் வைக்காமல் தடுக்கிறார்கள், ஒருவர் பின்னால் கன்றோடு வருகிறார். வேலி இல்லாத நாட்டில் வேலியாக நிற்பது அவர்கள்தான். ஓரடி வரப்பில் குதிரை எங்கே நிற்கும்? அத்துமீறும் மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவார்கள், ஓடினால் முழங்காலில் இடிக்கும். அதோடு சரி.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, நாலாம் தேதி நான் எழுதிய முன், பக்கம், வால் எல்லாம் இங்கே அப்படியே இருக்கிறது. திசை காட்டுகிற முன் ஆள், மந்தையை ஒடுக்குகிற பக்க ஆள், கன்று பார்க்கிற வால் ஆள். காலுக்குக் கீழே குதிரை மட்டும் இல்லை.

மயிலைக்கும் குயின்ஸ்லாந்தில் ஜோடி உண்டு. காட்டு மாடு பிடிக்கப் போகும்போது கூடவே நாற்பது ஐம்பது சாதுவான மாட்டைக் கொண்டுபோவார்கள். அதைக் கோச்சர் என்பார்கள். முரட்டு மாட்டை அதற்குள் தள்ளிவிட்டால் சுற்றி நிற்கும் அமைதியைப் பார்த்து அதுவும் அடங்கும்.

8 ஜூன், இரவு

காலையில் விட்டுப்போனது. மேய்ச்சல் மாற்றும்போது, கிளம்புமுன் ஒவ்வொரு கன்றும் தன் தாயிடம் சேர்ந்து ஒரு வாய் குடிக்கும் வரை நிறுத்துவார்கள். புது இடம் போனதும் மறுபடி நிறுத்துவார்கள். கன்றைக் காணாத தாய், கடைசியாகக் கன்று குடித்த இடத்துக்கே ராத்திரியில் திரும்பி நடக்கும், எத்தனை கி.மீ. ஆனாலும். குயின்ஸ்லாந்தில் இதை ஒரு பெரியவர் எனக்குச் சொன்னபோது, பத்து வயதில் மாமா சொன்னதும் இதே வார்த்தைதான் என்று நினைவு வந்தது: "குடிச்ச எடத்துக்குத்தான் தாய் போகும் மாப்பிள்ளை."

அதைத் தெரிந்துவைத்திருந்தும் அந்தக் கதவருகே மறந்தேன்.

11 ஜூன்

அந்தப் பண்ணை மாடுகளுக்குத் திமில் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, கழுத்துக்குக் கீழே அலைதாடியும் தொங்கும். பிராமன் இனம். இந்தியாவிலிருந்து போன குஜராத்தி மாடு, கிர், நம் பக்கத்து நெல்லூர் ஓங்கோல் மாடு, கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு எல்லாம் கலந்து அமெரிக்காவில் உருவான இனம். 1933இல் குயின்ஸ்லாந்துக்கு வந்தது. உண்ணியும் வெயிலும் தாங்கியதால் வடக்கு ஆஸ்திரேலியா முழுக்கப் பரவிவிட்டது.

எதிர்த் திசையில் குதிரை வந்தது. நியூ சவுத் வேல்ஸ் குதிரைகளுக்கு "வேலர்" என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகக் கப்பலில் ஏற்றி மெட்ராஸிலும் இறக்கினார்கள். நான் ஏறிய ஸ்டாக் ஹார்ஸ் என்ற மாட்டுப் பண்ணைக் குதிரை இனத்துக்கும் அந்தக் குதிரைகளே முன்னோர். நம் மாட்டின் வழிவந்ததை, மெட்ராஸுக்கு வந்த குதிரையின் வழிவந்ததில் ஏறி ஒரு மடிப்பாக்கத்துக்காரன் ஓட்டியிருக்கிறான். அந்தக் குதிரையின் பெயர் டஸ்ட்டி. என்னைவிட அதற்குத்தான் மாடு தெரியும். மாட்டின் காது திரும்பும்போதே அதன் உடம்பு எனக்குக் கீழே திரும்பிவிடும், கடிவாளத்தைத் தளர்த்திக்கொடுத்தால் போதும்.

14 ஜூன், இரவு 9.30

இந்தக் கேள்வி பதில் இழை மந்தைவெளிக்கு வந்துவிட்டது. வரட்டும்.

மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த வெளி என்றுதான் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். இன்று 21ஜி பேருந்துக்கு நிற்பவர் யாரும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் "மேய்க்கால் புறம்போக்கு" என்று ஒரு வகையே உண்டு, ஊர் மாடு மேய என்று ஒதுக்கிய நிலம். சென்னையின் தெற்குப் புறத்துக் கிராமங்களிலும் இருந்தது. என் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரத்தில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று மேய்வதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடம்.

தெருவில் மாடு நிற்கிறது என்று எல்லோரும் கோபப்படுகிறோம். எனக்கும் வண்டி ஓட்டும்போது கோபம் வரும். அதற்கு மேய இருந்த வெளி எங்கே போனது என்றும் யாராவது கேட்க வேண்டும்.

15 ஜூன்

நேற்றைய குறிப்புக்கு ஒரு சம்பவம். போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாடும் கன்றும். குடியிருப்போர் சங்கம் ஒன்று ஆட்களைக் கூட்டி வந்தது. இரண்டு முனையிலிருந்தும் கயிற்றோடு ஓடி வந்தார்கள், ஒருவர் விசில் வேறு ஊதினார். மாட்டுக்குப் போக வழியே இல்லை. நிறுத்தியிருந்த பைக்குகள் மேல் பாய்ந்து முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. தையல் போட்டது நான்தான்.

யாராவது மாட்டை நகர்த்த நேர்ந்தால்: ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். கன்று இருந்தால் கன்றை முன்னே விடுங்கள், தாய் தானாக வரும். நேர் பின்னால் போகாதீர்கள். தோளுக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நின்று ஓர் அடி நெருங்குங்கள். அது நகர்ந்ததும் நீங்கள் நில்லுங்கள். நகர்ந்ததற்கு அதற்குக் கிடைக்கும் பலன் அந்த நிறுத்தம்தான். மறுபடி ஓர் அடி. இது குயின்ஸ்லாந்தில் 400 மாட்டுக்குச் செய்ததுதான், ஒரு மாட்டுக்கும் செல்லும்.

15 ஜூன், சற்றுப் பிறகு

தனியாகச் சிக்கிய மாடுதான் ஆபத்தானது, மந்தை இல்லை. முந்தைய குறிப்பில் இதைச் சேர்த்துப் படிக்கவும்.

19 ஜூன், அதிகாலை

ராத்திரிக் காவல் பற்றிக் கேட்டிருந்தார்கள். அமெரிக்கத் தடங்களிலும் ஆஸ்திரேலியத் தடங்களிலும் படுத்த மந்தையை ஒருவரோ இருவரோ மெல்ல வலம் வந்துகொண்டே பாடுவார்கள். பாட்டு மாட்டைத் தூங்கவைக்க என்று நினைத்திருந்தேன். ஆள் எங்கே இருக்கிறார் என்று மாட்டுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்குத்தான். இருட்டில் திடீரென்று ஒரு குச்சி முறிந்தால் ஆயிரம் மாடும் ஒரே நொடியில் எழுந்து மிரண்டு ஓடும். பாடிக்கொண்டே வருபவர் திடீரென்று வரமாட்டார்.

மாமா பாட மாட்டார். ராத்திரி கிடைக்குள் நடக்கும்போது இருமிக்கொண்டே நடப்பார். சளி என்று அத்தை பல வருடம் கஷாயம் கொடுத்திருக்கிறார்.

24 ஜூன், இரவு

"இதெல்லாம் சரி, இனி எத்தனை நாள்?" என்ற கேள்விக்குப் பதில் எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது.

அமெரிக்காவின் சிஷோம் தடம் இருபது வருடம்கூட முழுதாக ஓடவில்லை. 1874இல் கிளிட்டன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். வேலிகள் வந்தன, ரயில் தெற்கே நீண்டது, நீண்ட நடை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் கேனிங் தடம் ஏறத்தாழ 1,850 கி.மீ., பாலைவனத்தில் கிணறு கிணறாக. இன்று அதில் மாடு நடப்பதில்லை, மாடு லாரியில் போகிறது. சேர்க்கும் வேலையில் பாதி ஹெலிகாப்டர்.

அங்கே குதிரை மேல் இருந்தவர்களில் பெரும்பங்கு பூர்வகுடி மக்கள். அவர்கள் நிலத்தில், அவர்களுக்குச் சரியான கூலி இல்லாமல். 1966இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறினார்கள். கூலியில் தொடங்கி நிலத்தைக் கேட்டார்கள். 1975இல் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் போட்டார். எனக்கு வட்டத்தையும் தோளையும் சொல்லிக்கொடுத்த பெரியவரும் பூர்வகுடிதான். மேலே அவரை "ஒரு பெரியவர்" என்று மட்டும் எழுதியது சரியில்லை என்று பட்டது.

இங்கே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. பர்கூர் மலை மாடு, தேனி மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சில நாட்கள் எப்படி இருந்திருக்கும்? இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களின் மேய்ச்சல் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்கிறது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தடுப்பு ஊசி எப்போது போட வருவாய் என்று கேட்டார்.

அவர் மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் கேப் ஓட்டுகிறான். கிடைக்குத் திரும்புவான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நானும் திரும்பவில்லை.

2 ஜூலை

நேற்று மாமாவுக்கு இந்த இழை முழுவதையும் போனில் படித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார்: மயிலை முன்னால் எழுவது குரலுக்கு இல்லையாம். அவர் கம்பைத் தோளில் வைக்கும்போதே எழுந்துவிடுமாம், "ஹோ" என்பது மற்ற மாடுகளுக்கும் கூட வரும் ஆட்களுக்கும். எட்டாம் தேதிக் குறிப்பை அப்படித் திருத்திப் படியுங்கள்.

முதல் கேள்வி கேட்ட தம்பி நேரில் பார்க்க வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். கிடை இப்போது காளையார்கோவில் பக்கம் ஒரு தரிசில் கிடக்கிறது. வரும் சனிக்கிழமை விடியலில் அடுத்த நிலத்துக்கு மாற்றுகிறார்கள், ஏழெட்டு கி.மீ. நடை. வெள்ளிக்கிழமை இரவு பேருந்தில் நானும் வருகிறேன், தடுப்பு ஊசிப் பெட்டியோடு. தம்பி, குடை வேண்டாம், விரித்தால் மிரளும். வந்ததும் மாமா காட்டும் இடத்தில் போய் நில்லுங்கள். பெரும்பாலும் வாலில்தான் விடுவார், மூக்குக்குக் கட்ட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.